அடகு, அடமானம், போக்கியம்

ஓசூரில் சிப்காட் வந்த கதையைப் பேசினால் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று கம்பெனிப் பெயர்கள்தான் வரும். அவற்றோடு ஊருக்குள் நுழைந்த கடன் சொற்களை யாரும் நினைப்பதில்லை. சப்சிடி, மார்ஜின் மணி, ஹைப்பாத்திகேஷன். 1956 ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு இவற்றுக்கெல்லாம் தமிழ் தேடவேண்டி வந்தது.

சப்சிடிக்கு 'மானியம்' என்றார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்தப் பக்கத்தில் மானியம் என்றால் கோயிலுக்கும் ஊர் ஊழியர்களுக்கும் வரியில்லாமல் விட்ட நிலம். 1792-இல் பாராமகால் கும்பினி கைக்கு வந்து, ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை போட்டபோதும் மானிய நிலத்தைத் தனியாகத்தான் எழுதினார்கள். பரம்பரையாக வருவது, யாரும் திருப்பிக் கேட்காதது என்றுதான் பெரியவர்கள் மனதில் பதிந்திருந்தது. பின்தங்கிய பகுதி என்று தர்மபுரி மாவட்டத்துக்குக் கிடைத்த தொழில் மானியமோ நிபந்தனையோடு வந்த பணம். கன்னடக்காரர்கள் 'சகாயதன' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது தேவலை.

இதைவிடப் பெரிய சிக்கல் அடமானம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் 'மார்ட்கேஜ்' என்ற சொல்லைப் பார்த்தாலே சிரிப்பு வரும். அது பழைய பிரெஞ்சு: 'மோர்' என்றால் செத்த, 'காஜ்' என்றால் அடகு. நிலத்தைக் கடன் கொடுத்தவன் அனுபவிப்பான். விளைச்சல் அசலில் கழியாது. அதனால் செத்த அடகு. கழிந்தால் அது 'உயிருள்ள அடகு'. நம் ஒத்தியும் போக்கியமும் அந்தச் செத்த அடகேதான். வேடிக்கை என்னவென்றால், இன்று பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு நிலத்துக்கு 'இப்போத்தேக்' என்கிறார்கள். அதே கிரேக்க வேரிலிருந்து வந்த ஹைப்பாத்திகேஷன் நம் பேங்குகளில் நிலத்துக்கு அல்ல, இயந்திரத்துக்கும் சரக்குக்கும்.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. நகையைக் கொடுத்தால் அடகு. நிலத்தை விட்டுக்கொடுத்தால் ஒத்தி. பத்திரம் எழுதிக்கொடுத்தால் அடமானம். 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டம் மார்ட்கேஜை 6 வகையாகப் பிரிக்கிறது. நம் பத்திர எழுத்தர்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது. ஆனால் பொருள் நம் பட்டறையிலேயே ஓடிக்கொண்டிருக்க, கட்டு மட்டும் பேங்கிடம் இருப்பது நாம் பழகாத ஏற்பாடு. அதையும் அடமானம் என்றே சொல்லிவிட்டார்கள்.

இதனால் நஷ்டப்பட்டவர்கள் சிறு பட்டறைக்காரர்கள். பத்திர ஆபீசுக்குப் போகவில்லை, லேத் மெஷினும் கண் முன்னே இருக்கிறது, அப்புறம் என்ன அடமானம்? பழைய மெஷினை விற்றுப் புதியது வாங்கலாம் என்று கிளம்புவார்கள். கடன் பாக்கி இருக்கும்போது பேங்கைக் கேட்காமல் விற்றால் அது வழக்காகும் என்பதை அந்தச் சொல் அவர்களுக்குச் சொல்லவில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிக்கொண்டு, ஆங்கிலப் படிவத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். ஒரு பட்டறைக்காரரிடம் விளக்கிச் சொன்னபோது, "அப்படின்னா மாடு என் கொட்டாய்ல, கயிறு அவங்க கையில, அப்படித்தானே சார்?" என்றார். எந்த அகராதியிலும் நான் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

ஹைப்பாத்திகேஷன் என்பதற்குச் சட்டத்திலேயே விளக்கம் எழுதியது 2002-இல், சர்பாசி சட்டத்தில்தான். போக்கியத்துக்கு அப்படி யாரும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. ஓசூரிலும் பெங்களூரிலும் மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பதற்கு இன்றும் அந்தச் சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது.