மண்ணுக்கும் உண்டு வில்லங்கம்

தலைநகரில் வீடு வாங்கும் நம்மவர்கள் எதையெல்லாம் பார்க்கிறோம்? பத்திரம் சரியா, சொசைட்டி பாக்கி உண்டா, தண்ணீர் வருதா, மெட்ரோ பக்கமா, தமிழ்ப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? ஊரில் மனை வாங்கினால் முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறோம். அந்தச் சான்று, நிலம் யார் யார் கையில் இருந்தது என்று சொல்லும். அவர்கள் அந்த மண்ணில் எதைக் கொட்டினார்கள், எதைப் புதைத்தார்கள் என்று சொல்லாது. அந்த இரண்டாவது வில்லங்கத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கேட்ட கேள்வி

கேள்வி ஒன்றும் புதியதல்ல. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதை, வீடு கட்டுமுன் குழி தோண்டி, அதே மண்ணால் அதை மூடிப் பார்க்கச் சொல்கிறது. மண் மிஞ்சினால் நல்ல மனை, குறைந்தால் ஆகாது. பூமிக்கடியில் கிடக்கும் எலும்பு, கரி, உமி போன்றவற்றைச் 'சல்லியம்' என்று பெயரிட்டு, கண்டுபிடித்து நீக்கவும் வழி சொல்கிறது. மயமதமோ மண்ணின் நிறம், மணம், சுவை எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லும். இவற்றைச் சகுனம் என்று சிலர் ஒதுக்கலாம். ஆனால் 'இந்த மண்ணுக்கடியில் முன்பு என்ன இருந்தது?' என்ற கேள்வி சரியான கேள்விதானே!

பத்திரத்தில் எழுதியும் பயனில்லை

அமெரிக்காவில் நயாகரா அருவிக்கு அருகே லவ் கால்வாய் என்றொரு இடம். 1942 முதல் சுமார் பத்து ஆண்டுகள் ஹூக்கர் ரசாயனக் கம்பெனி அங்கே ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்தது. 1953இல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு விற்றது. ரசாயனக் கழிவு புதைந்திருப்பது பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இருந்தும் அங்கே பள்ளி எழுந்தது, சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978இல் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற நேர்ந்தது. அதன் விளைவாக வந்த 1980ஆம் ஆண்டுச் சட்டம், மாசுபட்ட நிலத்தின் இன்றைய உடைமையாளரையும் பொறுப்பாளி ஆக்கியது. அதன் பிறகே நிலத்தின் பூர்வீகத்தை விசாரித்து வாங்குவது அங்கே வழக்கமாகப் பரவியது.

நம் கொடைக்கானலுக்கு வருவோம். 1983இல் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை அங்கே இடம் பெயர்ந்தது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசமானது. 2001 மார்ச்சில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டன, ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் மண்ணில் கலந்த பாதரசத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றது அதிகார வட்டாரம்; போதாது என்றனர் ஊர் மக்கள்.

தலைநகரின் கதை

1996 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தில்லியில் 168 அபாயகரத் தொழிற்சாலைகளை மூடவோ இடம் மாற்றவோ ஆணையிட்டது. பெரிய ஆலை நிலங்களில் ஒரு பகுதி பசுமைக்கும் பொதுப் பயனுக்கும், மீதி உரிமையாளர் கட்டடம் எழுப்பவும் என்று பங்கு வகுக்கப்பட்டது. ஆலைச் சங்கு ஊதிய இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்த வரலாறு இப்படித் தொடங்கியது.

குப்பைமேடுகளின் கதை வேறு. ரிங் ரோடு ஓரத்து இந்திரப்பிரஸ்தா பூங்கா ஒரு பழைய குப்பைமேட்டின் மேல்தான் அமைந்தது. அங்கே வீடு கட்டாமல் மரம் வைத்தது விவேகம் எனலாம். மயூர் விஹார் பக்கம் வாழும் நம் குடும்பங்களுக்கு காஜிபூர் தெரியாததல்ல. அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு இல்லாமல் 1984இல் தொடங்கிய அந்த மேடு, 2002இலேயே நிரம்பிவிட்டது. ஆனாலும் கொட்டுவது நிற்கவில்லை. 2017 செப்டம்பர் 1 அன்று மேடு சரிந்து இருவர் மாண்டனர். கண்ணுக்குத் தெரிந்த மலை அது. அதிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்கும் கழிவு நீர் கண்ணுக்குத் தெரியாது.

மணமும் சுவையும் காட்டிக்கொடுக்காத ஆபத்தும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985க்குப் பின் பயன்படாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவி, 2010 பிப்ரவரியில் ஏலத்தில் போய் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையை அடைந்தது. உள்ளே இருந்தது கோபால்ட்-60. அதன் வீரியம் பாதியாகக் குறைய ஐந்தே கால் ஆண்டு ஆகும். கணக்குப் போட்டால், அந்தக் கால் நூற்றாண்டில் வீரியம் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். அப்படியும் அது பலரை நோயில் தள்ளி, ஏப்ரலில் ஓர் உயிரைக் குடித்தது. கடைகளில் சிதறிக் கிடந்த துண்டுகளைக் கருவி கொண்டு தேடிப் பொறுக்கி, நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சட்டமும் நாமும்

மாசுபட்ட இடங்களைக் கையாள மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் வெளியிட்டது. மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களைத் தெரிவிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய்ந்து உறுதி செய்ய வேண்டும். வரவேற்கத்தக்கதே. ஆனால் கதிரியக்கக் கழிவும் குப்பைக் கிடங்குகளும் வேறு சட்டங்களின் கீழ் வருவதால், இவ்விதிகளுக்கு வெளியே நிற்கின்றன. அதாவது மாயாபுரிக்கும் காஜிபூருக்கும் இந்த வாசல் திறக்காது!

ஆகவே வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு என் தங்கை மகன் ஒரு பிளாட் பார்க்க என்னைக் கூட்டிப் போனான். "எல்லாம் கிளியர், மாமா" என்றான். எதிர்ப்புற டீக்கடைப் பெரியவரோ, அங்கே பல வருஷம் முலாம் பூசும் பட்டறை நடந்ததாகச் சொன்னார். முலாம் என்றால் அமிலமும் குரோமியமும் அல்லவா? ஆழ்குழாய்த் தண்ணீரைச் சோதிக்கக் கேட்டோம். விற்பவர் சம்மதிக்கவில்லை, நாங்களும் திரும்பிவிட்டோம்.

செய்யக்கூடியது எளிது. முதலில் பூர்வீகம்: பழைய வரைபடம், தொழிற்சாலை உரிமம், அக்கம்பக்கத்து முதியவர்கள். அடுத்து இடத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது: புல் முளைக்காத திட்டு, எண்ணெய்க் கறை, நிரப்பிய மண், பெட்ரோல் பங்க் இருந்த இடமானால் புதைந்த தொட்டி. ஐயம் இருந்தால் மண்ணையும் நீரையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது. தனி ஒருவருக்கு அந்தச் செலவு பாரம்தான். சொசைட்டியாகச் சேர்ந்தால் தாங்கக்கூடியதே.

பிழைக்க வந்த ஊரில் ஆயுள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீடு, பேரக்குழந்தைகள் மண்ணில் விளையாடப் போகும் வீடு. பத்திரத்தை வக்கீல் படிக்கட்டும். மண்ணை நாம் படிப்போம்.