கொடுக்க வந்தவர், தேடிப் போனவர்

1408இல் பாரிஸை அடுத்த சான் தெனி மடத்துக்குக் கிரேக்கத் தூதர் ஒருவர் ஒரு சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். தியொனீசியுஸ் பெயரால் வழங்கும் இறையியல் நூல்கள் அதில் இருந்தன. பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மனுவேல் தம் மனைவியோடும் மூன்று மகன்களோடும் நிற்கும் வண்ண ஓவியமும் உண்டு. மடத்தின் காவல் புனிதரே அந்த நூல்களை எழுதினார் என்று பிரெஞ்சுக்காரர்கள் நம்பிய காலம் அது. பரிசைத் தேர்ந்தெடுத்தவர் ஆளறிந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். சுவடியில் தம் கைப்படக் குறிப்பெழுதிவைத்த அந்தத் தூதர், மனுவேல் கிரிசொலோராஸ்.

83 ஆண்டுகள் கழித்து இன்னொரு கிரேக்கர் எதிர்த்திசையில் பயணம் போனார். யானுஸ் லஸ்காரிஸ் பிளாரன்ஸிலிருந்து புறப்பட்டு அத்தோஸ் மலை மடங்கள், கான்ஸ்டாண்டிநோபிள், கிரீட் என்று அலைந்து சுவடி சுவடியாகச் சேகரித்தார். சுமார் 200 சுவடிகளோடு திரும்பினார். அனுப்பிவைத்த லொரென்ஸோ டி மெடிசி அவற்றைப் பார்க்க உயிரோடில்லை. 1492 ஏப்ரலிலேயே அவர் இறந்துவிட்டார்.

கிரேக்கப் படிப்பை இத்தாலிக்குக் கொண்டுவந்தவர்கள் என்று இருவரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. கிரிசொலோராஸுக்கு ஊர் இருந்தது. அவர் கொடுத்தது அந்த ஊர் கொடுத்தது. லஸ்காரிஸ் பிறந்த கான்ஸ்டாண்டிநோபிளோ 1453இல் அவருடைய எட்டு வயது வாக்கில் துருக்கியரிடம் விழுந்துவிட்டது. பிறகு அங்கே அவர் சுவடி தேடிப் போனபோது, வேறொருவர் ஆட்சியில், வேறொருவர் பணத்தோடு போனார்.

கிரிசொலோராஸ் முதலில் வெனிஸுக்கு வந்தது பாடம் சொல்ல அல்ல. துருக்கிய சுல்தான் முதலாம் பாயசீத் கான்ஸ்டாண்டிநோபிளைச் சுற்றி வளைத்திருந்தார். படை கேட்கத்தான் பேரரசர் தூது அனுப்பினார். பெரிய உதவி ஏதும் கிடைக்கவில்லை. 1402இல் அங்காரா போரில் தைமூர் பாயசீதைத் தோற்கடித்ததால்தான் நகரம் தப்பியது. ஆனால் பிளாரன்ஸின் அரசுச் செயலாளர் கொலூச்சியோ சலுத்தாத்திக்கு இந்தத் தூதரிடம் வேறொன்று கிடைக்கும் என்று தெரிந்திருந்தது. 1397இல் நகரத்தின் சம்பளத்தில் கிரேக்கம் கற்பிக்க கிரிசொலோராஸ் வந்து சேர்ந்தார். சட்டம் படித்துக்கொண்டிருந்த லியோனார்டோ புரூனி அதைத் தள்ளிவைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினார். சட்டம் சொல்லித்தர எத்தனையோ பேர் உண்டு, கிரேக்கத்துக்கு இவர் ஒருவர்தானே என்பது அவருடைய கணக்கு. மூன்றே ஆண்டுகள்தான் வகுப்பு நடந்தது. அதற்குள் ஒரு தலைமுறை தயாராகிவிட்டது.

அந்த வேகத்துக்குக் காரணம் அவருடைய இலக்கணம். 'எரோதெமாத்தா', அதாவது 'கேள்விகள்', வினா-விடையாக அமைந்தது. பழைய பைசாந்திய இலக்கணங்கள் பெயர்ச்சொற்களை 56 வகையாகப் பிரித்துவைத்திருந்தன. இவர் பத்தாகக் குறைத்தார். மொழிபெயர்ப்பிலும் சொல்லுக்குச் சொல் வைக்காமல் பொருளைப் பிடிக்கச் சொன்னார். அந்நியனும் உள்ளே வரட்டும் என்று வாசலை அகலமாக வெட்டிவைத்தவர் அவர். நூறு ஆண்டுக்கு மேல் கழிந்தும் கேம்பிரிட்ஜில் எராஸ்மஸ் அதே நூலை வைத்துத்தான் கிரேக்கம் கற்பித்தார்.

லஸ்காரிஸின் மனம் போன வழி வேறு. 1494இல் பிளாரன்ஸில் அவர் பதிப்பித்த கிரேக்கச் சிறுகவிதைத் தொகுப்பில் பாடல்கள் முழுவதும் தலைப்பெழுத்துகளிலேயே அச்சாகியிருக்கின்றன. பழைய கல்வெட்டுகளிலும் நாணயங்களிலும் உள்ள வடிவமே உண்மையான வடிவம் என்று அவர் வாதாடினார். பக்கத்தைத் திறந்தால் கல்வெட்டே அச்சேறி வந்ததுபோலிருக்கும். கண்ணுக்கு அழகு, படிக்கக் கடினம். அச்சுலகம் அந்த வழியில் போகவில்லை. முன்னவர் மொழியை எளிதாக்கினார், இவரோ அதன் பழைய முகத்தை மீட்கப் பார்த்தார். இதை வெறும் பண்டிதப் பிடிவாதம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பேசும் ஊர் கையில் இருந்தவருக்கு மொழியின் பழைய உருவத்தைக் காப்பாற்றும் கவலை எழவில்லை. லஸ்காரிஸுக்கு அந்த உருவம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

தூதுவேலையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பாரிஸானாலும் லண்டனானாலும் கிரிசொலோராஸ் தம் பேரரசருக்காகவே பேசினார். லஸ்காரிஸ் பிரான்சின் எட்டாம் சார்லஸைப் பின்தொடர்ந்து போனார். அடுத்து வந்த பன்னிரண்டாம் லூயிக்காக வெனிஸில் தூதராக இருந்தார். அங்கே அச்சாளர் ஆல்டஸ் மனூசியஸின் வட்டத்தில் கலந்து பழகினார். 1508இல் வந்த எராஸ்மஸுக்குச் சுவடி கொடுத்து உதவினார். மறு ஆண்டே லூயியின் படை அன்யதெல்லோவில் வெனிஸைத் தோற்கடித்தது. நண்பர்களின் நகரத்தோடு தம் எஜமானர் போர் தொடுத்ததால் அவருடைய தூதும் முடிந்தது. பிறகு போப் பத்தாம் லியோ ரோமில் ஏற்படுத்திய கிரேக்கக் கல்லூரியில் கிரேக்க நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவருக்கு மனநிறைவு தந்த வேலை அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1525இல், 80 வயதில், போப் ஏழாம் கிளெமென்டின் தூதராகப் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் போய், துருக்கியர்மீது படையெடுக்கச் சொல்லி மன்றாடினார்.

கடிதம் போப்புடையது, வேண்டுதல் அவருடையது. 130 ஆண்டுக்கு முன் கிரிசொலோராஸ் வெனிஸில் கேட்ட அதே வேண்டுதல்தான். அப்போது காப்பாற்ற நகரம் இருந்தது.

கிரிசொலோராஸ் 1411இல் பழைய ரோமையும் புதிய ரோமாகிய கான்ஸ்டாண்டிநோபிளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். தாயும் மகளும்போல இரண்டையும் வைத்து நிதானமாக அவரால் ஒப்பிட முடிந்தது. இரண்டும் கண்முன் நின்றன.

அவர் 1415இல், திருச்சபைப் பேரவை நடந்துகொண்டிருந்த கான்ஸ்டன்ஸ் நகரில் இறந்தார். தொமினிக்க மடத்தில் புதைத்தார்கள். இத்தாலிய மாணவர் வெர்ஜேரியோ லத்தீனில் கல்லறை வாசகம் எழுதினார். லஸ்காரிஸ் தம் வாசகத்தைத் தாமே கிரேக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, 90 வயதை நெருங்கும்போது ரோமில் கண்மூடினார். சாந்த் அகத்தா கோயிலில் அது இருக்கிறது. அந்நிய மண் தம்மை அன்பாகவே ஏற்றுக்கொண்டது, அதன்மேல் குறையில்லை என்கிறார். கிரேக்கருக்குச் சொந்த நாட்டில் சுதந்திரமான மண் இல்லையே என்பதுதான் அவருடைய வருத்தம்.