கோடியக்கரைக் குதிரைகளும் தன்னார்வலர் கணக்கெடுப்பும்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்திற்குத் தெற்கே உள்ள கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்தில், மனிதர் பராமரிப்பின்றிக் குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. மக்கள் இவற்றைக் காட்டுக் குதிரைகள் என்கின்றனர். ஆனால் இவை, வளர்ப்பிலிருந்து விடுபட்டுக் காட்டில் வாழப் பழகிய வீட்டுக் குதிரைகளின் வழிவந்தவை.

பின்னணி

குதிரை தமிழகத்திற்கு வெளியிலிருந்து வந்த விலங்கு. காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியர் ஆண்டுதோறும் அரபுக் குதிரைகளை வாங்கியதை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ பதிவு செய்தார். இலங்கையின் நெடுந்தீவிலும் ஐரோப்பியர் ஆட்சிக்காலக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் திரிகின்றன.

மானும் குதிரையும்

கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. வெளிமான்களைப் பாதுகாப்பது அதன் முக்கிய நோக்கம். மான், குதிரை இரண்டிற்கும் புல்லே உணவு. குதிரைகள் சீமைக்கருவேலக் காய்களையும் தின்கின்றன; சாணத்தோடு வெளியேறும் விதைகள் புதிய இடங்களில் முளைக்கின்றன. முள்மரம் பரவினால், திறந்த வெளியில் வாழும் மானின் புல்வெளி குறையும். குதிரைகளை அகற்ற வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா என்ற கேள்வி இதிலிருந்தே எழுகிறது. அமெரிக்காவில் 1971இல் காட்டுக் குதிரைகளைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் இதே வாதம் ஓயவில்லை.

கணக்கெடுப்பு

இதற்கு விடை காண எண்ணிக்கை தேவை. வனத்துறையின் கணக்கெடுப்புகளில் கல்லூரி மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் தன்னார்வலர்களாகப் பங்கேற்கின்றனர். சரணாலயத்தைப் பகுதிகளாகப் பிரித்து, குழுக்கள் ஒரே நேரத்தில் நடந்து எண்ணினால், ஒரே கூட்டம் இருமுறை கணக்கில் சேரும் வாய்ப்பு குறையும். ஆண், பெண், குட்டி எனத் தனித்தனியே குறித்தால், இனம் பெருகுகிறதா என்பதை அறியலாம்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் மான்களும் குதிரைகளும் மடிந்தன. முந்தைய கணக்கு இருந்தால்தான் இத்தகைய இழப்பை அளவிட முடியும். ஓர் ஆண்டின் எண் தனித்து அதிகம் சொல்லாது. ஆண்டுதோறும் தொடரும் பதிவே, மானுக்கும் குதிரைக்கும் இடையே எடுக்கப்படும் முடிவு பரிவினாலோ வெறுப்பினாலோ மட்டும் அமையாமல் காக்கும்.