ஸ்கிஃபில் இசை

ஸ்கிஃபில் என்பது கிட்டாரையும் பாஞ்சோவையும் வீட்டுச் சாமான்களோடு சேர்த்து வாசிக்கும் எளிய பாட்டிசை. 1950களில் பிரிட்டனில் பெரும் அலையாக எழுந்தாலும், அது பிறந்தது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயிவில், மெம்ஃபிஸ், நியூ ஓர்லியன்ஸ் நகரத் தெருக்குழுக்கள் ஜாடிகளை ஊதியும் சலவைப் பலகையை உரசியும் வாசித்தன. வாடகைப் பணம் திரட்டச் சிகாகோ வீடுகளில் நடந்த விருந்துகளோடு சேர்த்தே 1920களில் இந்தப் பெயர் பேசப்பட்டது.

லண்டனில் கென் காலியர், கிறிஸ் பார்பர் ஆகியோரின் ஜாஸ் குழு 1953இல் கச்சேரி இடைவேளைகளில் இதை வாசித்தது. குழுவின் பாஞ்சோ கலைஞர் லானி டோனகன், 1954 ஜூலையில் ‘ராக் ஐலண்ட் லைன்’ பாடலைப் பதிவுசெய்தார். சலவைப் பலகை வாசித்தவர் பெரில் பிரைடன். அர்கன்சாஸ் சிறைக்கைதிகளிடம் 1934இல் சேகரிக்கப்பட்டு, பாடகர் லெட்பெல்லியால் பரவிய பாட்டு அது. 1956இல் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது.

அதன்பின் நடந்ததுதான் ஸ்கிஃபிலின் உண்மையான வரலாறு. கிட்டாரில் மூன்று சுரக்கூட்டுகள் (கார்டுகள்) தெரிந்தால் போதும், பாடிவிடலாம். தேயிலை இறக்குமதியான ஒட்டுப்பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கம்பை நிறுத்தி, ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் பேஸ் கருவி தயார். தையல்காரர்கள் விரலில் மாட்டும் உலோக உறைகளே சலவைப் பலகையில் தாளம் போட்டன. இசைப் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்காத உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கான குழுக்களைத் தொடங்கினர். கேட்பவராக மட்டும் இருந்த ஒரு தலைமுறையை வாசிப்பவராக்கியதே இதன் மகத்தான சாதனை. லண்டன் சோஹோ பகுதியின் ‘டூ ஐஸ்’ காபிக் கடை அவர்களின் கூடுமிடமானது. 1957இல் பிபிசி வானொலியும் ‘சாட்டர்டே ஸ்கிஃபில் கிளப்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது.

லிவர்பூலில் ஜான் லெனன் தொடங்கிய ‘குவாரிமென்’ அத்தகைய பள்ளிப் பையன்களின் குழு. 1957 ஜூலை 6 அன்று உல்ட்டன் தேவாலயத் திருவிழாவில் அது வாசித்தபோதுதான் பால் மெக்கார்ட்னி லெனனைச் சந்தித்தார். பின்னாளில் ‘லெட் செப்பலின்’ குழுவை அமைத்த ஜிம்மி பேஜும் சிறுவனாக பிபிசி தொலைக்காட்சியில் ஸ்கிஃபில் வாசித்தவரே.

புகழ் பரவிய அளவுக்கு நன்றிக்கடன் தீரவில்லை. நான்சி விஸ்கி பாடி 1957இல் வெற்றிபெற்ற ‘ஃப்ரெயிட் டிரெயின்’, வட கரோலினாவின் கறுப்பினக் கலைஞர் எலிசபெத் காட்டன் சிறுமியாக இருந்தபோது இயற்றியது. இசைத்தட்டில் ஆசிரியராக வேறு பெயர்கள் இருந்தன. வழக்காடிய பிறகே அவருக்கு உரிமையில் பங்கு கிடைத்தது.

1958க்குப் பின் அலை வடிந்தது. இளைஞர்கள் மின்கிட்டாருக்கும் ராக் அண்ட் ரோலுக்கும் மாறினர். அலெக்சிஸ் கோர்னர், சிரில் டேவிஸ் போன்றோர் புளூஸுக்கும், மார்ட்டின் கார்த்தி ஆங்கில நாட்டுப்புறப் பாடல்களுக்கும் சென்றனர்.