கெளிறும் உள்ளூர்த் தீனியும்

நிலத்தை உழுது பயிர் செய்வதும், ஆடுமாடுகளைப் பேணி வளர்ப்பதும் மனிதன் பண்டைக்காலத்திலேயே கற்றுக்கொண்ட தொழில்கள். மீனைப் பொறுத்தமட்டில் அவன் நெடுங்காலம் வேடனாகவே நின்றுவிட்டான். சீனர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கெண்டை வளர்த்தனர் என்பது உண்மையே. ஆயினும் அவர்கள் பின்னர் வளர்த்த கெண்டைகளுள் பல, குளத்தில் சினையிடாதவை. ஆற்றில் வாரிய குஞ்சுகளையே குளத்தில் விட வேண்டியிருந்தது. குஞ்சு இல்லையேல் வளர்ப்பு இல்லை. இக்குறை நீங்கிய வரலாற்றில் ஆப்பிரிக்கக் கெளிற்றுக்குத் தனியிடம் உண்டு.

மனிதனுக்குக் கெளிறு புதிய உறவன்று. கி.மு. 3100-ஐ ஒட்டி எகிப்தை ஆண்ட நார்மர் மன்னன் தன் பெயரைக் கெளிறும் உளியும் வரைந்தே எழுதினான். அவனது கற்பலகை இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றது. 1822-ஆம் ஆண்டில் பர்ச்செல் என்னும் ஆங்கிலேயர் தென்னாப்பிரிக்காவின் கரீப் ஆற்றுக் கெளிற்றை விவரித்து, அவ்வாற்றின் பெயராலேயே அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். நைல் நதிக் கெளிறும் அதே இனம் என்பது 1980-களில் டாய்கல்ஸ் என்னும் ஆய்வாளரால் தெளிவாயிற்று.

மன்னன் பெயரில் இடம்பெற்ற மீனைத் தொட்டியில் வளர்க்க ஐயாயிரம் ஆண்டு ஆனது ஏன்? மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கரைப்புல்லை மூழ்கடிக்கும் இரவிலேயே கெளிறு சினையிடும். குளத்தில் வயிறு நிறையச் சினை முதிர்ந்திருந்தும், வெள்ளம் வராமையால் முட்டை வெளிவருவதில்லை. இப்பூட்டைத் திறக்கும் சாவி மீனின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் இருந்தது. 1930-ஐ ஒட்டி அர்ஜென்டினாவில் ஹூசே அச்சுரப்பியின் சாற்றை மீனுக்குச் செலுத்திப் பார்த்தார். அதே பத்தாண்டில் பிரேசிலில் ஃபான் இஹெரிங் அம்முறையை மீன்வளர்ப்புக்குப் பயன்படுத்தினார். 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி நம் கெண்டைகளைச் சினையிடச் செய்தார். அந்நாளை நம் நாடு மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறது. 1970-களில் கேமரூன் நாட்டின் ஃபும்பான் நகரில் ஹோகெண்டோர்ன் என்னும் ஆய்வாளர் கெளிற்றுக் குஞ்சு வளர்ப்பை ஒழுங்குபட ஆராய்ந்தார்.

இதற்கு வேண்டும் மருந்துக்குக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. ஒரு முதிர்ந்த கெளிற்றின் சுரப்பியே அதே எடையுள்ள பெட்டைக்குப் போதும். ஊசி செலுத்திப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முட்டை கைக்கு வரும். ஆண் மீனின் வயிற்றைப் பிதுக்கி விந்து எடுக்க இயலாது. அதை அறுத்தே எடுப்பது வழக்கம். வெப்பநாட்டு நீரில் ஏறத்தாழ ஒரு நாளில் முட்டை பொரிந்துவிடும்.

உண்மையான சோதனை இதன் பின்னரே தொடங்குகின்றது. மூன்று நாள் வரை குஞ்சு தன் கருவுணவைக் கொண்டு வாழும். அதன்பின் உயிருள்ள நுண்ணுயிரிகளை நாடும். வளர்ந்த கெளிறு காற்றை மூச்சாக இழுக்கும் ஆற்றல் பெற்றது. பச்சிளங்குஞ்சுக்கு அவ்வுறுப்பு இன்னும் உருவாகவில்லை. ஆதலின் நீரில் உயிர்வளி குறைந்தால் அது மடியும். பெரியது சிறியதை விழுங்கும் இயல்பும் உண்டு. எனவே அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்து விடுதல் வேண்டும்.

அடுத்து வருவது தீனி. வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போகின்றது. ஆப்பிரிக்கக் கெளிற்றை மிகுதியாக வளர்க்கும் நாடு நைஜீரியா. அங்கே வீட்டுக் கொல்லையிலும் சிமெண்டுத் தொட்டிகளைக் காணலாம். வெளிநாட்டிலிருந்து வரும் மிதவைத் தீனியை நம்பியோர், 2023 ஜூனில் நைரா நாணயத்தின் மதிப்பு சரிந்தபோது பெரிதும் இடர்ப்பட்டனர். கடலைப் பிண்ணாக்கு, சோயா, சோளமாவு, எண்ணெய்ப்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் ஆகியவற்றை மரவள்ளி மாவுக் கஞ்சியில் பிசைந்து உருட்டி உலர்த்தும் உள்ளூர் முறையே அத்தகையோருக்குக் கைகொடுக்கும். ஆயினும் மலிவு என்பதற்காக எதையும் கலத்தல் ஆகாது. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு; அதை வறுத்தே சேர்க்க வேண்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கு நஞ்சாகும். இளங்குஞ்சின் தீனியில் ஏறத்தாழப் பாதி புரதமாக இருத்தல் நன்று.

இம்மீன் நம் நாட்டுக்கும் திருட்டுத்தனமாக வந்து சேர்ந்தது. எதையும் தின்னும் அதன் பசி நம் நாட்டு மீன்களை அழிக்கும் என்று கண்டு, 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்தது. நைல் கரையில் உணவாக விளங்குவது காவிரிக் கரையில் கேடாகலாம். ஆப்பிரிக்காவிலிருந்து நாம் கொள்ளத்தக்கது அந்த மீனையன்று. தம் ஆற்று மீனை, தம் நிலத்தில் விளைந்த தீனியைக் கொண்டே வளர்க்க முயன்ற அந்த அறிவையேயாம்.