திரையில் ஓர் அங்குலம் எவ்வளவு?

புனே வந்த பிறகு வங்கி வேலையில் எனக்குப் பிடித்துப் போனது, கடன் கேட்கும் பட்டறைகளை நேரில் போய்ப் பார்ப்பது. போசரியில் அச்சு செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் மானிட்டர் முழுக்க ஒரு பாகத்தைக் காட்டினார். நிஜத்தில் எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். இழுப்பறையைத் திறந்து சுண்டுவிரல் நகம் அளவில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்! வாடிக்கையாளர் திரையைப் பார்த்து ஓகே சொல்லி, அச்சு வெட்டிய பிறகு "இவ்வளவு சின்னதா?" என்றால் நட்டம் அவர் தலையில். எங்கள் கடனும் அதற்குள்தான் இருக்கிறது. "இருக்கிற அளவிலேயே திரையில் காட்ட முடியாதா?" என்ற கேள்வி அன்று பிடித்துக்கொண்டது. பி.காம் படித்தவன் தேடிப் படித்தது இது, பொறியாளர்கள் பொறுத்தருள்க :-)

கம்ப்யூட்டர் வருமுன் இந்தப் பிரச்சினையே இல்லை. கப்பல் கட்டும் தளங்களில் பெரிய கூடத்தின் தரையிலேயே கப்பலின் வளைவுகளை முழு அளவில் வரைவார்கள். கார் வடிவமைப்பாளர்கள் சுவரில் கறுப்பு டேப் ஒட்டி முழுக் காரையும் வரைந்தார்கள். சின்னப் படத்தில் அழகாகத் தெரியும் கோடு முழு அளவில் தொங்கிப்போய்த் தெரியலாம். கண் அப்படி. (1999ல் ரவின் பாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் இந்த டேப் வேலையையே பெரிய திரைக்குக் கொண்டுவந்தார்கள்.)

1963ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து ஸ்கெட்ச்பேட் செய்தபோது அவரிடம் இருந்த திரை ஏழே அங்குலம். ஆனால் படத்தை 2000 மடங்கு பெரிதாக்கலாம். கணக்குப் போடுங்கள்: ஏழு அங்குல ஜன்னல் வழியாகக் கிட்டத்தட்ட கால் மைல் அகலத் தாளைப் பார்ப்பது மாதிரி. அன்றைக்கே அளவு திரையை விட்டுக் கழன்றுவிட்டது. 1982ல் வந்த ஆட்டோகேடிலும் இதே கதைதான். உள்ளே எல்லாம் நிஜ அளவில் வரையலாம், ஸ்கேல் என்ற பேச்சு பிரிண்ட் எடுக்கும்போதுதான். திரையில் தெரிவது எத்தனை பங்கு என்று யாரும் கேட்கவில்லை.

1984ல் ஆப்பிள் மேக்கின்டாஷ் மட்டும் நேர்மையாக நடந்துகொண்டது. அங்குலத்துக்கு 72 புள்ளி. அச்சுக்கலையிலும் அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்பதால், திரையில் பார்த்த அளவிலேயே தாளிலும் வந்தது. விண்டோஸ் 96 என்று வைத்துக்கொண்டது. தாளைவிடத் திரை கண்ணுக்குத் தள்ளி இருப்பதால் எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று காரணம் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் அந்த 96 வெறும் ஊகம், மானிட்டரைக் கேட்டுச் சொன்னதல்ல. இன்றைய 15.6 அங்குல லேப்டாப்பில், 1920 புள்ளி அகலத் திரையில், அங்குலத்துக்கு 141 புள்ளி. 96 என்று நம்பும் மென்பொருள் 100 மில்லிமீட்டர் பாகத்தை அங்கே 68 மில்லிமீட்டராகக் காட்டும். மூன்றில் ஒரு பங்கு காணோம். எங்கள் கிளையில் இப்படிக் குறைந்தால் விசாரணைதான்!

1994ல் மானிட்டரே தன் நீள அகலத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஏற்பாடு வந்தது. அதில் அடிப்படை அளவு முழு சென்டிமீட்டரில்தான். புரொஜெக்டர் பாவம், சுவர் எவ்வளவு தூரம் என்று அதற்கே தெரியாது, பூஜ்யம் என்று சொல்லிவிடும்.

கடைசியில் கைகொடுத்தது எங்கள் துறைச் சமாசாரம். ஏடிஎம் கார்டு! எந்த வங்கி, எந்த நாடு என்றாலும் 85.60க்கு 53.98 மில்லிமீட்டர், ஐ.எஸ்.ஓ. 7810 தரம். திரையில் ஒரு கட்டத்தைக் காட்டி, கார்டை அதன்மேல் வைத்து ஒட்டும்வரை இழுக்கச் சொல்கிறார்கள். நான் சொன்ன லேப்டாப்பில் அது 476 புள்ளிக்கு வந்து நிற்கும். அதற்குப் பிறகு அந்தத் திரையில் அளவு சரியாக இருக்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. கிட்டே பெரிதாகவும் தள்ளிச் சிறிதாகவும் தெரியும் தோற்றத்தில் வைத்தால் இது பலிக்காது. அந்தப் படத்தில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு அளவு. நேர்ப்பார்வையில், முன்புறமோ மேற்புறமோ வைத்துத்தான் அளக்க வேண்டும். வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கார்டைக் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். ரகசிய எண்ணைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.