விண்டோஸ் 7: போட்டோ எல்லாம் ஒரே ஐகானாகத் தெரிகிறதா? ஃபார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் திறக்கிறீர்கள். நேற்று வரை மணமக்கள், தாத்தா பாட்டி, பந்தி என்று குட்டிக் குட்டிப் படங்களாகத் தெரிந்த இடத்தில், இன்று 400 ஐகான்கள் ஒரே மாதிரி நிற்கின்றன. எது எந்தப் படம் என்றே தெரியவில்லை.

உடனே மனதில் வருவது, 'வைரஸ் வந்துடுச்சா? போட்டோ எல்லாம் போச்சா?' என்பதுதான். யாரிடமாவது கேட்டால், 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்ற பதிலும் வரலாம். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. குட்டிப் படம் தெரியாமல் போவதால் எந்தப் போட்டோவும் அழிவதில்லை. பேக்கப் எடுக்காமல் ஃபார்மட் செய்தால்தான் அழியும்.

விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் இந்தச் சிக்கல் ஏன் வருகிறது? வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

தம்ப்நெயில் என்றால் என்ன?

ஃபோல்டருக்குள் தெரியும் அந்தக் குட்டிப் படத்தின் பெயர்தான் தம்ப்நெயில். அது உங்கள் போட்டோ அல்ல, போட்டோவைப் பார்த்து விண்டோஸ் தயாரித்து வைத்துக்கொள்ளும் சிறிய நகல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 மெகாபிக்சல் போட்டோ ஒன்றில் 4000-க்கு 3000 என்ற அளவில் 1.2 கோடி புள்ளிகள் இருக்கும். அதையே 256-க்கு 192 அளவுக்குச் சுருக்கினால் 49,152 புள்ளிகள்தான். அதாவது, அசலில் சுமார் 244-ல் ஒரு பங்கு. ஃபோல்டரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 400 பெரிய படங்களைப் படித்துச் சுருக்கினால் கம்ப்யூட்டர் திணறிவிடும். அதனால் ஒருமுறை சுருக்கியதைத் தனியாகச் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக் காட்டுகிறது. இந்தச் சேமிப்புக்குப் பெயர் தம்ப்நெயில் கேஷ்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'தம்ப்ஸ் டிபி' என்ற மறைவான ஃபைல் ஒன்று உருவாகும். விஸ்டாவில் இருந்து இது மாறியது. ஒவ்வொரு பயனரின் கணக்குக்கும் ஒரே இடத்தில், 32, 96, 256, 1024 என அளவுவாரியாகத் தனித்தனி ஃபைல்களில் நகல்கள் சேமிக்கப்படுகின்றன. விண்டோஸ் 7-லும் இதே முறைதான். எனவே அந்தச் சேமிப்பு பழுதானால் ஒரு ஃபோல்டர் மட்டுமல்ல, பல ஃபோல்டர்களில் ஒரே நேரத்தில் கோளாறு தெரியலாம்.

முதலில், போட்டோ பத்திரமாக இருக்கிறதா?

எந்த செட்டிங்கையும் தொடும் முன் நான்கைந்து போட்டோக்களை டபுள் கிளிக் செய்து பாருங்கள். முழுப் படமும் திறந்தால் கவலையே வேண்டாம். பிரச்னை தம்ப்நெயிலில் மட்டும்தான்.

திறக்கவில்லை என்றால், ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். அளவு 0 பைட் என்று காட்டினால், காப்பி ஆகும்போது பாதியில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் படம் இருந்த மெமரி கார்டையோ போனையோ தேடி எடுங்கள். அந்தக் கார்டில் புதிதாக எதையும் பதிவு செய்யாமல், மறுபடியும் காப்பி செய்யுங்கள். பழைய படம் இருந்த இடத்தில் புதியது பதிவாகிவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

சரி, படம் திறக்கிறது. இனி என்ன செய்யலாம்? எளிதானதில் இருந்து தொடங்குவோம். ஒவ்வொரு படி முடிந்ததும் ஃபோல்டரை மூடித் திறந்து பாருங்கள். சரியாகிவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 1: வியூ மாறியிருக்கிறதா?

ஃபோல்டரில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'வியூ' பட்டியலில் 'லார்ஜ் ஐகான்ஸ்' தேர்ந்தெடுங்கள். 'லிஸ்ட்', 'டீடெயில்ஸ்', 'ஸ்மால் ஐகான்ஸ்' ஆகிய மூன்றிலும் தம்ப்நெயில் தெரியாது. கண்ட்ரோல் பட்டனை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே இது மாறிவிடும் என்பதால், தெரியாமல் நடப்பதும் உண்டு.

படி 2: ஒரே ஒரு டிக்

ஃபோல்டரின் மேலே இடது பக்கம் 'ஆர்கனைஸ்' என்று இருக்கும். அதில் 'ஃபோல்டர் அண்ட் சர்ச் ஆப்ஷன்ஸ்' போய், 'வியூ' டேபைத் திறங்கள். 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, ஓகே கொடுங்கள்.

படி 3: வேகத்துக்காக யாராவது அணைத்தார்களா?

'கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு' என்று சமீபத்தில் சர்வீசுக்குக் கொடுத்தீர்களா? அப்படியென்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

'கம்ப்யூட்டர்' ஐகானில் ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', பிறகு 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்'. வரும் பெட்டியில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குக் கீழே உள்ள 'செட்டிங்ஸ்' பட்டனை அழுத்துங்கள். அங்கே 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்' தேர்வாகி இருந்தால், அழகுக்கான மற்ற வசதிகளோடு தம்ப்நெயிலும் சேர்ந்து அணைந்திருக்கும். 'ஷோ தம்ப்நெயில்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் ஐகான்ஸ்' என்ற வரிக்கு மட்டும் டிக் போட்டால் போதும். மற்றவை அணைந்தே இருக்கட்டும், வேகம் குறையாது.

படி 4: பழுதான கேஷை அழியுங்கள்

செட்டிங் எல்லாம் சரி, ஆனாலும் சில படங்கள் தெரிகின்றன, சில தெரியவில்லை. அல்லது ஒரு போட்டோவின் இடத்தில் வேறொரு போட்டோவின் தம்ப்நெயில் தெரிகிறது. இப்படி இருந்தால் கேஷ் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்டார்ட் மெனுவில் 'டிஸ்க் கிளீன்அப்' என்று தேடித் திறந்து, 'சி' டிரைவைத் தேர்ந்தெடுங்கள். வரும் பட்டியலில் 'தம்ப்நெயில்ஸ்' என்பதற்கு மட்டும் டிக் வைத்து, மற்ற டிக்குகளை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். 'டெலீட்' என்ற வார்த்தையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழியப்போவது நகல்கள் மட்டுமே, அசல் போட்டோக்கள் அப்படியே இருக்கும்.

பிறகு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து ஃபோல்டரைத் திறங்கள். விண்டோஸ் எல்லா நகல்களையும் புதிதாகத் தயாரிக்கும் என்பதால் முதல் முறை கொஞ்சம் நேரம் எடுக்கும். பொறுமையாக இருங்கள்.

படி 5: புதிய சாஃப்ட்வேர் போட்டீர்களா?

படம் பார்க்கவோ எடிட் செய்யவோ புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட்ட பிறகுதான் இந்தக் கோளாறு என்றால், அது போட்டோ ஃபைல்களைத் தன் வசம் எடுத்திருக்கலாம். 'கண்ட்ரோல் பேனல்', 'டிஃபால்ட் ப்ரோக்ராம்ஸ்', 'செட் யுவர் டிஃபால்ட் ப்ரோக்ராம்ஸ்' என்று போய், 'விண்டோஸ் போட்டோ வியூவர்' மீது கிளிக் செய்து, எல்லா ஃபைல் வகைகளுக்கும் அதையே டிஃபால்ட் ஆக்கிப் பாருங்கள்.

சில படங்கள் மட்டும் தெரியவில்லையே?

அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, ஃபைல் வகையில் இருக்கிறது. விண்டோஸ் 7 வெளியானது 2009 அக்டோபரில். அதற்குப் பிறகு வந்த ஃபைல் வகைகள் அதற்குத் தெரியாது.

ஐபோன் படங்கள்: 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன்கள் 'ஹெய்க்' என்ற வகையில் படங்களைச் சேமிக்கின்றன. போனின் செட்டிங்ஸில் 'கேமரா', 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றினால், இனி எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆகவே சேமிக்கப்படும். ஏற்கெனவே எடுத்தவற்றுக்கு, 'போட்டோஸ்' பகுதியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்பதை 'ஆட்டோமேட்டிக்' என வைத்துவிட்டுக் கேபிள் வழியாகக் காப்பி செய்யுங்கள்.

வெப்பி: கூகுள் 2010-ல் அறிமுகப்படுத்திய வகை. இணையத்தில் இருந்து சேமிக்கும் பல படங்களும், வாட்ஸ்அப் ஸ்டிக்கர்களும் இந்த வகைதான். ஃபைலை அப்படியே பிரவுசருக்குள் இழுத்துப் போட்டால் திறக்கும்.

ரா: டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த வகை. அதற்கேற்ற கோடெக் இருந்தால்தான் தம்ப்நெயில் வரும். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் கோடெக்தான் பொருந்தும்.

அலுவலகக் கம்ப்யூட்டரா?

ஆபீஸ் நெட்வொர்க்கில் தம்ப்நெயிலை மொத்தமாக அணைத்து வைக்கும் வசதி அட்மினுக்கு உண்டு. அங்கே நீங்கள் எத்தனை டிக் மாற்றினாலும் பலன் இருக்காது. ஐடி பிரிவில்தான் கேட்க வேண்டும்.

அழித்த படம் கேஷில் இருக்குமா?

இருக்கலாம். ஒரு போட்டோவை நீங்கள் டெலீட் செய்த பிறகும், அதன் குட்டி நகல் கேஷில் தங்கிவிடக்கூடும். சைபர் தடயவியல் நிபுணர்கள் இந்த ஃபைல்களைத் தேடிப் பார்ப்பது அதனால்தான். உங்களுக்கும் இது முக்கியம். பழைய கம்ப்யூட்டரை விற்கும்போதோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதோ, போட்டோ ஃபோல்டரை மட்டும் டெலீட் செய்தால் போதாது. ஹார்டு டிஸ்க்கை முழுமையாக அழிக்க வேண்டும், அல்லது கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

எதைச் செய்யக் கூடாது?

'தம்ப்நெயில் ரிப்பேர் டூல்', 'ஒரே கிளிக்கில் சரியாகும்' என்று இணையத்தில் கிடைப்பதை டவுன்லோடு செய்யாதீர்கள். மேலே சொன்ன எதற்கும் வெளி சாஃப்ட்வேர் தேவையில்லை. விண்டோஸ் 7-க்கான மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பணம் கட்டிய நிறுவனங்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டும் 2023 ஜனவரியில் நின்றுபோனது. குரோம் பிரவுசரும் 109-வது பதிப்போடு சரி. கவசம் இல்லாத கம்ப்யூட்டரில் முகம் தெரியாத புரோகிராமை இயக்குவது, குட்டிப் படத்தைத் தேடப்போய் பெரிய படத்தையும் இழப்பதில் முடியலாம்.

தம்ப்நெயில் திரும்பி வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த ஃபோல்டரை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ ஒரு காப்பி எடுத்து, வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். தம்ப்நெயில் போனால் விண்டோஸே புதிதாகத் தயாரித்துக்கொள்ளும். அசல் போட்டோ போனால், அதைத் தயாரித்துத் தர யாராலும் முடியாது.